நசுங்குவதற்கென்றே ஒரு கவசம்

புது டி.வி. பெட்டியைப் பிரித்தால் வெள்ளையாகத் தெர்மோகோல் வருமே, சைக்கிள் ஹெல்மெட்டின் உயிர் அந்தச் சரக்கில்தான் இருக்கிறது. கொஞ்சம் அடர்த்தியான ரகம், அவ்வளவே. ரவை போன்ற பாலிஸ்டைரின் மணிகள்மேல் நீராவி பட்டதும் உள்ளே அடைபட்ட பென்டேன் விரிகிறது. மணிகள் உப்பி, அச்சுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பளபளக்கும் வெளி ஓடு இதற்கு மேல்தோல்தான்.

ஓடு கெட்டியாக இருந்தால் தலை பிழைக்கும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு சொல்கிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். அந்த வேகம் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கினால், தலைக்கு விழும் அதிர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 1000 மடங்கு. தெர்மோகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் 100 மடங்கு. அமெரிக்க விதிப்படி, இதே உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் போட்டால் உச்ச அதிர்ச்சி 300 மடங்கைத் தாண்டக்கூடாது. நசுங்கிய மணி மறுபடி உப்பாது. அதனால் பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டில் கீறலே தெரியாவிட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

பழைய பந்தய வீரர்கள் அணிந்தது பஞ்சடைத்த தோல்பட்டைகள். சிராய்ப்புக்கு ஆகும், மண்டைக்கு ஆகாது. 1975-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் தெர்மோகோலையும் கெட்டி ஓட்டையும் சேர்த்து 'பெல் பைக்கர்' கொண்டுவந்தது. 1986-இல் ஜிம் ஜென்டஸ் என்ற வடிவமைப்பாளர் ஓட்டையே கழற்றிவிட்டு, தெர்மோகோலுக்கு மெல்லிய லைக்ரா துணி மாட்டினார். துணிச்சலான வேலை. எடை நன்றாகக் குறைந்தது. ஆனால் ஓடில்லாத ஹெல்மெட் சாலையில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், பிளந்தும் போகும். பிறகுதான் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு வந்தது.

வீரர்களோ மசியவில்லை. 1991-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது போராடி முறியடித்தார்கள். 2003-இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த கஜகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் இறந்த பிறகே விதி நிலைத்தது. அப்போதும், மலைமேல் முடியும் பந்தயங்களில் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளச் சலுகை கொடுத்தார்கள்!

ஆனால் சைக்கிளிலிருந்து யாரும் செங்குத்தாக விழுவதில்லை. சாய்ந்து மோதும்போது தலை வெடுக்கெனத் திரும்புகிறது. மூளைக்கு அந்தத் திருகல் மிகவும் ஆபத்தானது. ஸ்டாக்ஹோமில் நரம்பியல் அறுவை நிபுணர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் இதற்காகவே 'மிப்ஸ்' என்ற உள்ளடுக்கை உருவாக்கினார்கள். மோதும் கணத்தில் அது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்கிக் கொடுக்கும். அமெரிக்காவின் கட்டாயச் சோதனையோ இன்னும் ஹெல்மெட்டை நேராகத்தான் கீழே போட்டுப் பார்க்கிறது.