ஏர் ஃபில்டரை எப்போ மாத்தணும்? கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க!

சர்வீஸ் பில்லில் "ஏர் ஃபில்டர்" என்று ஒரு வரி இருந்தா, "இது நிஜமாவே மாத்தணுமா?"ன்னு வீட்டில் நம்மகிட்டதான் கேப்பாங்க. இன்ஜினியரிங் படிக்கிறோம்ல! பதிலைத் தெரிஞ்சு வச்சுக்குவோம்.

முதல்ல ஒரு கணக்கு. எடைப்படி, 1 பங்கு பெட்ரோல் முழுசா எரிய 14.7 பங்கு காற்று வேணும். 1 லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. அதுக்கு வேண்டிய காற்று சுமார் 11 கிலோ, அதாவது ஏறக்குறைய 9,000 லிட்டர்! அந்தக் காற்றோடு வரும் தூசியில் குவார்ட்ஸ் மணல் துகள்களும் இருக்கும். சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிட அது கடினமானது. உள்ளே போனா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும். அதைத் தடுக்கத்தான் அந்த மடிப்பு மடிப்பான காகிதம்.

"ஃபில்டர் அடைச்சா மைலேஜ் விழும்" என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையில், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் மைலேஜ் பெருசா குறையல, வேகமெடுப்பதுதான் மந்தமாச்சு. ஏன்? உள்ளே வரும் காற்றை அளந்து, அதுக்கேத்த பெட்ரோலைத்தான் ஈ.சி.யூ. விடும். ஃபில்டர் அடைச்சா நீங்க கொஞ்சம் கூடுதலா மிதிப்பீங்க. த்ராட்டில் இன்னும் திறந்து ஈடுகட்டிடும். ஆனா பாபநாசத்திலிருந்து காரையாருக்கு மலையேறும்போது முழுசா மிதிச்சிட்டா, திறக்க மிச்சம் இருக்காது. இழுவை அங்கதான் குறையும். ஆக, மைலேஜ் குறையட்டும்னு காத்திருக்காதீங்க.

அப்போ எப்போ மாத்துறது? மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் சாதாரண ரோட்டுக்கானது. தூசி அதிகமான இடத்தில் அதுக்கு முன்னாடியே மாத்தணும். மதுரை நாலுவழிச் சாலையில் ஓடும் காரும், ஆடிக்காத்தில் ராதாபுரம், வள்ளியூர் பக்கமோ, எம்-சாண்ட் லாரிக்குப் பின்னாடியோ ஓடும் காரும் ஒண்ணு கிடையாது. தேரிக்காட்டுச் செம்மண் பக்கம் ஓடினாலும் அப்படித்தான்.

கிளிப்பைக் கழட்டி நீங்களே பாருங்க:

- டார்ச் வெளிச்சம் மடிப்புகளின் வழியா தெரியவே இல்லைன்னா மாத்துங்க.
- காகிதம் கிழிஞ்சோ, எண்ணெய் படிஞ்சோ, ஓர ரப்பர் நெளிஞ்சோ இருந்தா உடனே மாத்துங்க.
- ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கக் குழாயில் தூசி இருந்தா, ஓரத்தில் கசிவுன்னு அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டுங்க.

அதுக்காக வாராவாரம் கழட்டவும் வேண்டாம். லேசா தூசி படிஞ்ச ஃபில்டர் புதுசைவிட நல்லாவே வடிகட்டும். கம்ப்ரஸரைப் பக்கத்தில் வச்சு அடிச்சா காகிதம் கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அழுக்கைவிட மோசம்.

கடைசியா, நம்ம ஊருக்கே உரிய ஒரு பாடம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பகுதி வரை வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். தண்ணியில் நின்ன காரில் சாவியைத் திருப்பாதீங்க. முதலில் ஃபில்டர் பெட்டியைத் திறங்க. ஃபில்டர் நனைஞ்சிருந்தா சிலிண்டருக்குள்ளும் தண்ணி போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். சில நூறு ரூபாய் ஃபில்டரோடு முடிய வேண்டியது இன்ஜினையே இறக்குற வேலையாகிடும். டோ பண்ணி எடுத்துட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.