ஆறு மணி நேரத் துணை

கரையோரம் – 14

2020 ஜூன் 2 அன்று கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கொழும்பிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. கொரோனாவால் ஊர் திரும்ப வழியின்றி இலங்கையில் மாட்டிக்கொண்ட ஏறக்குறைய எழுநூறு பேர் அதில் இருந்தார்கள். பிறகு மாலத்தீவிலிருந்து ஒரு நடை. ஜூலை 1-ஆம் தேதி ஈரானின் பந்தர் அப்பாசிலிருந்து 687 பேருடன் இன்னொரு நடை; அதில் வந்தவர்களில் மீன்பிடிக்கப் போன தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்கள் ஏராளம்.

வெள்ளைக்காரர் காலத்தில் இது தலைகீழாக நடந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்த பிறகே கப்பலேற்றினார்கள். அப்போதைய பயம் காலராவும் பிளேக்கும். 2020-லும் ஊர் கப்பலைப் பார்த்துத்தான் பயந்தது.

அந்தப் பயத்தில் பாதி சரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் முதல் அலையில் திரட்டிய தொடர்புப் பட்டியல்களை ரமணன் லட்சுமிநாராயண் குழுவினர் அலசினார்கள். அப்போதைய நம் சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணனும் அக்குழுவில் ஒருவர். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அது. தொற்று உறுதியான 84,965 பேர், அவர்களோடு பழகிப் பரிசோதிக்கப்பட்ட 5,75,071 பேர்: இவ்வளவு பெரிய கணக்கை அதற்கு முன் யாரும் போட்டதில்லை என்றே நினைக்கிறேன். தொற்றிய ஒருவரோடு ஒரே வாகனத்தில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நெருக்கமாக இருந்த 78 பேரைத் தனியாகப் பார்த்தார்கள். அவர்களில் 79 சதவீதத்தினருக்கு நோய் ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் 9 சதவீதம். ஊர்ப் பழக்கத்தில் 2.6. மருத்துவ இடங்களில் 1.2 மட்டுமே. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே நடுங்கிய நாம், வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து துட்டி வீட்டுக்குப் போய்வந்தோம்.

வேறொன்றும் அந்த ஆய்வில் இருந்தது. தொற்று அதிகம் பரவியது ஒத்த வயதுக்காரர்களுக்குள். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வள்ளத்தில் ஏறுகிறவர்களைப் பாருங்கள்: ஒரே தெரு, ஏறத்தாழ ஒரே வயது, ஒரே தூக்குவாளிச் சோறு. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் இரவும் பகலும் சேர்ந்தே கிடக்க வேண்டும்.

செவிலியர் வாசலில் நின்று பட்டியல் எழுதிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் உடனே வரும். கடைசியாக யாரோடு கடலுக்குப் போனீர்கள் என்றால் பேனா அந்தரத்தில் நிற்கும். சொன்னால் அந்த வள்ளத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் பதினான்கு நாள் தொழில் போச்சு. பொய் சொல்லக் கற்றவர்கள் அல்லர் அவர்கள். கூட்டாளியின் அடுப்பை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

தொற்றுவது ஒரு கணக்கு என்றால் சாவது வேறு கணக்கு. அதே ஆய்வில், 5 முதல் 17 வயதுக்குள் தொற்று கண்டறியப்பட்டவர்களில் 0.05 சதவீதம் பேர் இறந்தார்கள். 85 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களில் 16.6 சதவீதம். இறந்தவர்களில் 62.5 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே ஏதோவொரு நோய் இருந்தது. சர்க்கரை மட்டும் 45 சதவீதத்தினருக்கு. ரத்த அழுத்தம் அதற்கு அடுத்து. சங்குகுளிக்கிறவர் மூச்சடக்கிப் பழகியவர், அவர் நெஞ்சுக்கு என்ன வரும் என்று இங்கே பெருமையாகப் பேசுவதுண்டு. நெஞ்சைப் பற்றிய பேச்சு சரி. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அவர் எப்போது பார்த்தார்?

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. திரேஸ்புரத்தில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், தோள்பையோடு வந்த தன்னார்வலரைப் பின்தொடர்ந்து இரண்டு சந்து நடந்தேன். மூன்றாவது வீட்டில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"அவுக விடியமுன்னாடியே கடலுக்குப் போயிட்டாகளே தாயி. ஞாயித்துக்கெழம வாங்க, இருப்பாக."

ஞாயிறு அந்தத் தன்னார்வலருக்கும் விடுமுறை.

(தொடரும்)