தேக்காவின் அடிமண்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் மாட்டுப் பட்டிகளும் செங்கல் சூளைகளும் இருந்த காலத்தில் மண்ணை மேலாகத்தான் தோண்டினார்கள். இன்று தேக்கா சந்தையை ஒட்டி நிலத்தடியில் இரண்டு எம்ஆர்டி ரயில் பாதைகள் சந்திக்கின்றன. 2003இல் வடகிழக்குப் பாதை வந்தது. 2015இல் டவுன்டவுன் பாதை.

ஆழத் தோண்டினால் மேலிருப்பது ஆடும். இந்தியாவின் ஜாரியாவிலும் ராணிகஞ்சிலும் நிலக்கரியை எடுத்துவிட்ட வெற்றிடத்தின் மேல் ஊர் அமிழ்கிறது. சிங்கப்பூரில் நிலக்கரி இல்லை. ஆனால் ரோச்சோர், காலாங் பக்கமெல்லாம் அடியில் கிடப்பது கடல் களிமண். ஈரம் மிகுந்தது, பிடிப்பு இல்லாதது. குழி வெட்டினால் பக்கச்சுவரை உள்ளே தள்ளும். நிலத்தடி நீர் குழிக்குள் கசிந்து இறங்கினால் களிமண் சுருங்கும். ஆழத்தூண் மேல் நிற்கும் கட்டடம் அசையாது; மேலோட்டமான அடித்தளம் கொண்ட பழைய கடைவீடுதான் விரிசல் விடும்.

2004 ஏப்ரல் 20இல் நிக்கல் நெடுஞ்சாலையில் நடந்தது இதைவிடக் கொடியது. வட்டப் பாதைக்காக 30 மீட்டருக்கும் மேல் தோண்டிய குழி இடிந்து, சாலையும் சேர்ந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். உடன் வேலை செய்தவர்களை வெளியேற்றிய மேற்பார்வையாளரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மண்ணின் வலிமையைக் கூடுதலாகக் கணக்கிட்டிருந்தார்கள், இரும்புத் தாங்கிகளின் இணைப்பும் பலவீனம் என்றது விசாரணை. சுவர் வளைவதை அளவுக் கருவிகள் முன்பே காட்டின. அன்று காலையே தாங்கிகளின் இணைப்புகள் நெளிந்து ஓசை எழுந்தது. பழுதுபார்க்கத்தான் முனைந்தார்கள்! மன்னிக்க முடியாதது இதுதான்.

அதன் பிறகு சட்டம் இறுகியது. 6 மீட்டருக்கு மேல் தோண்ட நிலத்தொழில்நுட்பப் பொறியாளரின் வடிவமைப்பும், தனிப் பொறியாளரின் சரிபார்ப்பும் வேண்டும். இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் மண் முழுதாக அடங்கிவிடவில்லை. 2025 ஜூலை 26இல் தஞ்சோங் காத்தோங் சாலை, கழிவுநீர்க் குழாய்ப் பணித்தளத்தின் அருகே உள்வாங்கி, ஒரு காரை விழுங்கியது. பக்கத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் கயிறு வீசி, ஓட்டிவந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்தார்கள். அந்தத் தொழிலாளர்களை அதிபர் தர்மன் இஸ்தானா மாளிகைக்கு அழைத்தார்.

அழைத்தது சரி. அதோடு நிற்க வேண்டாம். குழியருகே நிற்பவர்கள் பலர் ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் நம் பிள்ளைகள். அளவுக் கருவி எந்த அளவைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிப் பணித்தளத்தில் மாட்டுங்கள். ஓசை கேட்டதும் வேலையை நிறுத்தும் உரிமையை அவர்கள் கையில் கொடுங்கள்.