இறையச்சமும் இறைப்பற்றும்: கிறித்தவ நம்பிக்கைக்கு உள்ளம் ஆயத்தமாதல் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

இறைவனிடத்துக் கொள்ளும் பணிவு கிறித்தவ நம்பிக்கைக்கு உள்ளத்தை ஆயத்தப்படுத்துகிறது என்னும் கருத்து மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டினரான செசரியா நகர யூசிபியஸ், நற்செய்திக்கான ஆயத்தம் எனப் பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் இயற்றினார். இக்கருத்தை இந்தியச் சூழலுக்குப் பொருத்தி ஜே.என். ஃபார்குவார் எழுதிய நூல், இந்து சமயத்தின் மகுடம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1913இல் வெளிவந்தது. இறையியலாளர் வகுத்த இக்கருத்து தமிழ் இலக்கியச் சான்றுகளின்முன் எந்த அளவுக்கு நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு கருத்து, மூன்று மொழிகள்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் அருகருகே வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் இவ்வாய்வுக்கு ஒரு தெளிவான தொடக்கம் கிடைக்கிறது. இறைவனுக்கு அஞ்சுதலே அறிவின் தொடக்கம் எனக் கூறும் நீதிமொழிகள் நூலின் முதல் அதிகாரப் பகுதியைப் புரொட்டஸ்டண்டு திருச்சபைகளில் வழங்கும் பழைய தமிழ்த் திருப்புதல் ‘பயப்படுதல்’ என்றும், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு ‘அச்சம்’ என்றும் தருகின்றன. கன்னடத் திருப்புதலும் ‘பயம்’ என்னும் சொல்லையே ஆள்கிறது. தெலுங்குத் திருப்புதலோ ‘பயபக்திகள்’ என அச்சத்தோடு பக்தியையும் இணைத்துக்கொள்கிறது.

இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. தமிழ்ப் பக்தி மரபில் அச்சம் பெரிதும் நீக்கப்படவேண்டிய ஒன்றாகவே பேசப்படுகிறது. அடைக்கலம் புகுந்தவனுக்கு அச்சமில்லை என்பது நாவுக்கரசர் காட்டும் உறுதி. எனவே ‘பயம்’ என்னும் சொல் மட்டும் தனித்து நிற்கும்போது, அது சுட்டும் பணிவும் நெருக்கமும் தமிழ்ச் செவிக்கு முழுமையாக எட்டுவதில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தில் வரும் உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவைப் பழைய திருப்புதல் தேவபக்தியுள்ளவன், தேவனுக்குப் பயந்தவன் என இரு சொற்களாலும் குறிப்பது இவ்விடத்து நோக்கத்தக்கது. பேதுருவின் சொல்லைக் கேட்பதற்கு முன்னரே அவனிடம் வேண்டுதலும் அறமும் இருந்தன. ஆயத்தக் கொள்கைக்கு விவிலியம் தரும் முதன்மைச் சான்றுகளுள் இஃது ஒன்று.

கிருஷ்ணபிள்ளை: பழைய சொல், புதிய பொருள்

தமிழில் இதற்கு இணையாகக் காட்டத்தக்கவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). நெல்லைப் பகுதியின் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது.

இந்நூலின் இடையிடையே அமைந்த இசைப்பாடல்கள் தேவாரம் என்றே பெயர் பெறுகின்றன. திருவாசகத்துக்குரிய போற்றித் திருஅகவல் என்னும் பெயரையும் அமைப்பையும் அவர் தம் துதிப்பாடலுக்கு மேற்கொண்டார். இன்றும் தேவாலயங்களில் பாடப்பெறும் ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்னும் பாடல் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மும்மையைத் திரித்துவத்துக்கு உரியதாக்குகிறது. தன்னைக் கடைப்பட்டவனாகக் கண்டு, வேறு துணையில்லை என முறையிடும் அடியவர் குரலும் அதில் அவ்வாறே ஒலிக்கிறது. இறைவன்முன் நிற்கும் முறையை அவர் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை என்பது இவற்றால் பெறப்படும். யார்முன் நிற்கிறோம் என்பதே அவரிடம் மாறியது.

நாவலர்: எதிர்ச்சான்று

எனினும் கிருஷ்ணபிள்ளையை மட்டும் கொண்டு முடிவு காண்பது பொருந்தாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்றவர். பீற்றர் பார்சிவலுடன் இணைந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர். அத்தமிழாக்கம் 1850இல் வெளிவந்தது. இறைவனிடத்துப் பணிவிலோ விவிலியப் பயிற்சியிலோ அவரைக் குறைந்தவர் எனக் கூற இயலாது. ஆயினும் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவத்திலேயே நிலைத்தார். 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலில், பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாட்டு முறைகளையே சைவக் கிரியைகளின் தகுதிக்குச் சான்றாக்கினார். இறைப்பணிவோடு விவிலியம் கற்ற இருவருள் ஒருவரை அது திருமுழுக்குக்கும், மற்றொருவரைத் தம் மரபின் மீட்டுருவாக்கத்துக்கும் இட்டுச் சென்றது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, இறைப்பணிவு உள்ளத்துக்குத் தருவது ஒரு மொழியும் ஒரு நிலையுமே ஆகும். வந்தடையும் இடத்தை அது தானே முடிவு செய்வதில்லை. இரண்டாவது, ‘ஆயத்தம்’ என்பது வந்து சேர்ந்தவர் தாம் நடந்த வழியைத் திரும்பிப் பார்த்து இடும் பெயர். கிருஷ்ணபிள்ளைக்கு அது மெய்யான பெயர். நாவலருக்கு அதனை இடுவதற்கு நமக்கு உரிமையில்லை. பல சமயத்தாரும் பல மொழியாரும் ஒரே தொழிற்கூடத்தில் பணிபுரிந்து, ஒரே தெருவில் குடியிருக்கும் ஓசூர் போன்ற நகரில் இவ்வேறுபாடு நூலளவில் நிற்பதன்று. அண்டை வீட்டாரின் வழிபாட்டை முற்றுப்பெறாத கிறித்தவமாகக் காண்பதும், அதனை இறைவன்முன் நிற்கும் முழுமையான ஒரு நிலையாக மதிப்பதும் வெவ்வேறு உறவுகளைத் தோற்றுவிக்கும். கிறித்தவத் தமிழிலக்கியத்தைப் பக்தி இலக்கியத்தோடு ஒப்பிடும் ஆய்வுகள், சொல் ஒப்புமையைக் காட்டுவதோடு அமையாமல், அச்சொல் எவ்விடத்தில் பொருள் மாறுகிறது, எவ்விடத்தில் மாற மறுக்கிறது என்பதையும் காட்டுதல் வேண்டும்.