மூலையில் தொடங்கும் விரிசல்

சிங்க் பதிப்பதற்காக வெட்டப்படும் திறப்புதான் சமையல் மேடையின் மிகப் பலவீனமான இடம். கிரானைட் அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒரு சதுர மில்லிமீட்டர் கிரானைட்டை நசுக்க 100 நியூட்டனுக்கு மேல் விசை வேண்டும். வளைத்து முறிக்கவோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதும். ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்தாலும் அசையாத பலகை, படுக்கைவாட்டில் தூக்கிவரும்போது நடுவில் முறிந்துபோவதற்குக் காரணம் இதுதான். அனுபவமுள்ளவர்கள் பலகையை எப்போதும் செங்குத்தாக நிறுத்தியே தூக்குவார்கள்.

இரண்டு அடி அகல மேடையில் 18 அங்குல சிங்க் உட்கார்ந்தால், முன்னும் பின்னும் சேர்த்து மிஞ்சுவது 6 அங்குலக் கல். பின்பக்கம் குழாய்க்குத் துளை போட வேண்டும் என்பதால் முன்பக்கப் பட்டைக்கு இரண்டரை அங்குலம் கிடைத்தாலே அதிகம். மேடைமேல் சாய்ந்து நிற்பவரின் பாரம் முழுவதும் இந்த ஒடுங்கிய பட்டையில்தான் விழும். சிங்க்கின் இரு பக்கமும் கீழே கடப்பா கல்லையோ செங்கல் சுவரையோ நிறுத்தித் தாங்கல் கொடுத்தால் பட்டை வளையாது. அந்தத் தாங்கல் மேடை போடுவதற்கு முன்பே அளவெடுத்து நிறுத்தப்பட வேண்டும். பிறகு யோசித்துப் பயனில்லை.

பட்டையைவிட முக்கியமானவை திறப்பின் நான்கு உள்மூலைகள். ஒரு தகட்டில் ஓட்டை இருந்தால், அதைச் சுற்றி வளைந்து செல்லும் விசை ஓட்டையின் விளிம்பில் நெரிசலாகிறது. வட்ட ஓட்டையின் விளிம்பில் அது 3 மடங்கு வரை உயரும். ஓட்டை கூர்மையாகக் கூர்மையாக அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும் என்பதை இங்கிலாந்துப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார். நீளவாக்கில் இழுக்கப்படும் தகட்டில், அகலத்தைப் போல் 4 மடங்கு நீளமுள்ள நீள்வட்ட ஓட்டை குறுக்கே கிடந்தால் அதன் முனையில் விசை 9 மடங்காகும். இரும்பு என்றால் அந்த இடத்தில் சற்று நெகிழ்ந்து விசையைப் பங்கிட்டுக்கொள்ளும். கல்லுக்கு நெகிழத் தெரியாது, நேராக விரிசல்தான். கூர்மூலை வைத்து வெட்டிய மேடைகளில் மயிரிழை போன்ற கோடு எப்போதும் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி முன்விளிம்பை நோக்கிப் போவதைப் பார்க்கலாம்.

எனவே நல்ல மேஸ்திரி நேர்கோட்டில் தொடங்குவதில்லை. நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளை போடுகிறார், பிறகு துளைக்குத் துளை பிளேடை ஓட்டி இணைக்கிறார். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கட்டிங் மெஷினின் பிளேடு வட்டமானது. பலகையின் அடிப்பரப்பு வரை மூலையை வெட்டி முடிக்க வேண்டுமானால் மேற்பரப்பில் பிளேடு மூலையைத் தாண்டிப் போயே தீரும். 4 அங்குல பிளேடும் 20 மில்லிமீட்டர் கல்லும் என்றால் இப்படித் தாண்டும் கீறல் ஒரு சென்டிமீட்டரைக் கடந்துவிடும். விரிசல் தொடங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. துளை இருந்தால் பிளேடின் முனை அந்த வெற்றிடத்திலேயே நின்றுவிடுகிறது.

பிளேடின் விளிம்பில் பதிந்திருக்கும் வைரத் துகள்கள் கல்லை அறுப்பதில்லை, பொடிப்பொடியாகத் தேய்க்கின்றன. அந்தப் பொடிதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். அதன் மிக நுண்ணிய தூள் நுரையீரலின் ஆழத்தில் படிந்தால் வருவது சிலிகோசிஸ், குணப்படுத்த முடியாத நோய். செயற்கை குவார்ட்ஸ் பலகைகளில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அத்தகைய பலகைகளையே தடை செய்தது. வெட்டும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தூள் சேறாகிக் கீழே இறங்கும், பிளேடும் சூடேறாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தத் தூளைத் தடுக்காது. தண்ணீரோடு உரிய முகக்கவசமும் வேண்டும். வீட்டுக்காரர் இதில் அவசரப்படுத்தவே கூடாது.

சிங்க்கை மேலிருந்து இறக்கலாம், அல்லது கல்லுக்கு அடியில் பொருத்தலாம். அடியில் பொருத்தினால் மேடையில் சிந்திய தண்ணீரை ஒரே தள்ளலில் சிங்க்குக்குள் வழித்துவிடலாம், பார்வைக்கும் அழகு. ஆனால் 24-க்கு 18 அங்குலம், 8 அங்குல ஆழமுள்ள சிங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 56 கிலோ. இதைப் பசையின் பிடிப்பை மட்டும் நம்பித் தொங்கவிடுவது தவறு. அடியில் சட்டமோ கல் பட்டையோ தாங்க வேண்டும். தவிர, குக்கரும் இட்லிப் பானையும் இடித்து, திறந்து கிடக்கும் கல் விளிம்பு பொரிந்துபோகும். கனமான பாத்திரங்கள் புழங்கும் வீட்டுக்கு விளிம்பை மூடி உட்காரும் மேல்வகையே ஏற்றது.

கல்லுக்கும் சிங்க்குக்கும் இடையிலான இடுக்கை ஒயிட் சிமெண்டால் அடைப்பது பரவலான பழக்கம். அது நிலைப்பதில்லை. சோறு வடித்த கொதிகஞ்சியைக் கொட்டியதும் எவர்சில்வர் தகட்டின் வெப்பநிலை சட்டென்று ஏறும், கல்லோ அப்படியே குளிர்ந்திருக்கும். 60 சென்டிமீட்டர் தகடு முழுவதும் 50 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் நீளும். எவர்சில்வர் கிரானைட்டைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும் பொருள். நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் சிமெண்ட் விண்டுபோகும், நெகிழும் சிலிக்கான் தாக்குப்பிடிக்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தவிர்த்து, அமிலம் வெளிவிடாத நியூட்ரல் வகையை வாங்குவது நல்லது. பளிங்கு மேடையென்றால் இது கட்டாயம், அமிலம் பளிங்கை அரிக்கும்.

பூசுவதற்கு முன் வெட்டிய விளிம்பில் தூள் துளியும் இல்லாமல் துடைத்து உலரவிட வேண்டும். மெருகேற்றாத அந்த விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். சில மேடைகளில் சிங்க்கைச் சுற்றி நிரந்தரமாகத் தெரியும் கறுத்த ஈரப்பட்டை அப்படி வந்ததே. அங்கே கல்லுக்கான சீலர் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் கறை இறங்காது. சிலிக்கான் பூசி ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படாமல் விட்ட பிறகு, வேஸ்ட் கப்ளிங்கை மூடி சிங்க்கை நிரப்பி, சில மணி நேரம் கழித்துக் கீழே காகிதத்தால் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.