நாயின் விருப்பமும் நமது பயிற்சியும்

நாய் ஒன்று ஓடுகிறது. அதன் கழுத்திலே கயிறு இல்லை. அதனுடன் ஓடுகின்ற மனிதரின் கையிலே கோலும் இல்லை. இறைச்சித் துண்டும் இல்லை. குறுக்குச் சட்டங்களைத் தாண்டி, நீண்ட குழாயொன்றினுள் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டு, ஒடுங்கிய பலகையின்மேல் ஏறி இறங்கி, வரிசையாக நாட்டப்பட்ட கழிகளினூடே வளைந்து நெளிந்து, அந்த நாய் தன் ஓட்டத்தை முடிக்கிறது. ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. பார்த்திருந்தவர்கள் கைகொட்டி ஆரவாரஞ் செய்கின்றனர். "இந்த நாயை எப்படித்தான் அடக்கி வைத்திருக்கிறாரோ!" என்று வியக்கின்றனர்.

நேயர்களே, அவர்களுடைய வியப்பு நியாயமானதே, கேள்விதான் பிழையானது. அடக்கிவைத்த நாய் அவ்வாறு ஓடாது. அது சொன்னதைச் செய்யும். ஆயினும், வாலைத் தாழ்த்திக்கொண்டு, எசமானின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, மெல்லச் செய்யும். அங்கே ஓடிய நாய்க்கு ஓடுவதில் இத்துணை விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் 'அஜிலிற்றி' என வழங்கும் இவ்விளையாட்டை நாம் நாய்களின் தடைதாண்டல் என்று கூறலாம். இது மிகப் பழைமையானதன்று. இலண்டன் மாநகரிலே 1891ஆம் ஆண்டில் சாள்ஸ் கிரப்ட் என்பவர் தம் பெயரால் ஒரு நாய்க் கண்காட்சியைத் தொடக்கினார். 'கிரப்ட்ஸ்' என்னும் அக்கண்காட்சி இன்றும் புகழுடன் விளங்குகிறது. 1978ஆம் ஆண்டில் அது ஒலிம்பியா மண்டபத்திலே நடைபெற்றது. ஒரு போட்டிக்கும் மறு போட்டிக்கும் இடைப்பட்ட வேளையிலே பார்வையாளர் சலிப்படையாதிருக்க ஏதேனும் வேடிக்கை வேண்டுமென அமைப்பாளர் கருதினர். அப்பொறுப்பு ஜோன் வார்லி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குதிரைகள் தடைதாண்டும் போட்டிகளை அறிந்தவர் அவர். குதிரை செய்வதை நாயும் செய்யலாகாதா என எண்ணிய அவர், பீற்றர் மீன்வெல் என்னும் பயிற்றுநரின் துணைகொண்டு தடைகளை அமைத்துக் காட்சியை நடத்தினார். இடைவேளை வேடிக்கையாகப் பிறந்த அது பார்த்தோர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1980ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் கெனல் கிளப் அதற்கு விதிகளை வகுத்து அங்கீகாரம் அளித்தது. 1996இல் முதலாவது உலகப் போட்டி சுவிற்சர்லாந்திலே நடைபெற்றது.

இவ்விளையாட்டின் அமைப்பைச் சிறிது காண்போம். தடைகளுள் முதன்மையானது குறுக்குச் சட்டம். நாயின் உயரத்திற்கேற்ப அதன் உயரமும் கூடும், குறையும். அடுத்தது குழாய், அது நேராகவும் இருக்கலாம், வளைந்தும் இருக்கலாம். கூரை போலச் சாய்ந்து முட்டும் இரு பலகைகள் உள்ளன. நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஒடுங்கிய நடைபலகையும், சிறுவர் பூங்காக்களிலே நாம் காணும் சீசோப் பலகையும் உள்ளன. இவற்றின் அடிப்பாகம் வேறு நிறத்தால் தீட்டப்பட்டிருக்கும். இறங்கும்போது நாயின் பாதம் அந்நிறப் பகுதியிலே கட்டாயம் படவேண்டும். மேலிருந்து பாய்ந்துவிட்டால் தவறாகும். உயரத்திலிருந்து குதித்து நாய் காயமுறாதிருப்பதற்கு அவ்விதி துணைசெய்கிறது. இறுதியாக, 60 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நாட்டிய 12 கழிகள். முதற் கழி தன் இடத் தோளின் பக்கமாக இருக்கும்படி நுழைந்து, ஒன்றையும் விடாது நாய் வளைந்து செல்லவேண்டும்.

சட்டத்தை வீழ்த்தினாலும், ஒரு தடையின் முன் நின்று மறுத்தாலும், ஒவ்வொன்றுக்கும் 5 தவறுப் புள்ளிகள் சேரும். தடைகளின் ஒழுங்கு போட்டிக்குப் போட்டி மாறும். மனிதர் அதை முன்கூட்டி நடந்து பார்ப்பர், நாயோ முதன்முதலாகக் காண்பது ஓடும்போதுதான். எல்லாவற்றிலும் முக்கியமான விதி, ஓட்டத்தின்போது மனிதர் நாயைத் தொடுதலும், உணவையோ விளையாட்டுப் பொருளையோ கையில் வைத்திருத்தலும் ஆகா என்பதாகும். இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. வற்புறுத்தலுக்குரிய கருவி எதுவும் அரங்கினுட் செல்லமுடியாது. நாயின் உள்ளத்திலே முன்னரே வளர்த்துவைத்த விருப்பம் ஒன்றே உடன் செல்லும்.

அவ்விருப்பத்தை வளர்ப்பது எவ்வாறு? இதற்கு உளவியல் தரும் விடை எளிமையானது. அமெரிக்க அறிஞர் தோண்டைக் பூனைகளையும் நாய்களையும் மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்து, 1898ஆம் ஆண்டிலே தம் முடிவுகளை வெளியிட்டார். உள்ளே தாழ்ப்பாள்; வெளியே உணவு. தற்செயலாகத் தாழ்ப்பாள் திறந்து விடுதலை கிடைத்தபின், அடுத்தடுத்த முறைகளிலே விலங்கு வெளியேறும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. இன்பமான விளைவைத் தந்த செயல் மீண்டும் நிகழும் என்பதே அவர் கண்ட விதி. பின்வந்த ஸ்கின்னர் என்னும் அறிஞர் இவ்விதியை மேலும் நுணுகி ஆராய்ந்தார். விலங்குகளுக்குக் கற்பித்தல் பற்றி அவர் 1951இல் எழுதிய கட்டுரையொன்று வீட்டுநாய் வளர்ப்போருக்கும் பயன்படக்கூடியது. அழுத்தினால் 'கிளிக்' என ஒலிக்கும் சிறுவர் விளையாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டே நாயைப் பழக்கலாம் என்பதை அவர் அதில் விளக்கினார்.

ஒலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாய் சட்டத்தைத் தாண்டுவது ஒரு கணம். நாம் சட்டைப்பையிலே கைவிட்டு உணவை எடுத்துக் கொடுப்பதற்குள் பல கணங்கள் கழிந்துவிடும். அதற்குள் நாய் நிலத்தை முகர்ந்திருக்கும், காகத்தைப் பார்த்திருக்கும். உணவு எதற்காகக் கிடைத்தது என்பதை அது எப்படி அறியும்? ஆகவே, முதலில் ஒலியெழுப்பி உடனே உணவளித்து, 'இவ்வொலி கேட்டால் பரிசு வரும்' என்பதை நாய்க்கு உணர்த்தவேண்டும். அதன்பின், செயல் நிகழும் அதே கணத்தில் ஒலித்தால் போதும். கருவி இல்லாதவர் 'ஆம்' என்னும் ஒரே சொல்லை ஒரே குரலிற் சொல்லியும் இதைச் செய்யலாம்.

பரிசு எது என்பதை முடிவுசெய்ய வேண்டியது நாயே. இதனை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு நாய் வீமனிடமிருந்து. அது உயர்ந்த சாதி நாயன்று. தெருவிலிருந்து வந்து எங்கள் வளவிலே தங்கிவிட்டது. கடையில் வாங்கிய பிஸ்கற்றை நான் நீட்டியபோது மரியாதைக்காக வாங்கி, மெல்லக் கீழே வைத்துவிட்டது. ஆனால், பழைய சாக்குத் துண்டொன்றை நிலத்திலே இழுத்துக் காட்டியபோது அதன் கண்கள் மின்னின. வளவு முழுவதும் துரத்தி வந்தது. சில நாய்கள் உணவுக்கு ஓடும். சில பந்துக்கு ஓடும். சில பற்றி இழுக்கும் விளையாட்டுக்கு ஓடும். உங்கள் நாய் எதற்கு ஓடுகிறது என்பதைச் சில நாட்கள் கவனித்துப் பாருங்கள்.

இனி, பயிற்சியின் படிகள். சட்டத்தை முதலில் நிலத்திலேயே கிடத்துங்கள். வீட்டிலுள்ள தும்புத்தடியின் பிடியே இதற்குப் போதும். நாய் அதைக் கடந்ததும் ஒலி, பின் பரிசு. சில நாட்களின்பின் சிறிதே உயர்த்துங்கள். குழாயைக் கற்பிக்கும்போது அதைக் குறுக்கி, மறுமுனையில் உங்கள் முகம் தெரியுமாறு இருங்கள். நாய் தயங்காது நுழையும்போது சிறிது சிறிதாக நீட்டுங்கள். கழிகளை முதலில் இரு வரிசையாகப் பிரித்து நட்டு, நடுவே அகன்ற பாதை விடுங்கள். நாய் நேராக ஓடட்டும். நாளுக்கு நாள் வரிசைகளை நெருக்கினால், தான் வளைகிறோம் என்று அறியாமலேயே நாய் வளையப் பழகிவிடும். சீசோப் பலகையின் அசைவும் ஓசையும் நாய்களை அச்சுறுத்துவன. ஆதலால், பலகையைத் தாழ்வாக வைத்து, அது படும் இடத்தில் மெத்தையிட்டுத் தொடங்குவதே நன்று.

குட்டி நாய்களுக்கு உயரமான தாண்டல் ஆகாது. எலும்புகள் வளர்ந்து முதிருமுன் மீண்டும் மீண்டும் குதித்தால் மூட்டுகள் பழுதுறலாம். பதினெட்டு மாதம் நிறையாத நாயை உலகப் போட்டி விதிகள் அரங்கினுள் அனுமதிப்பதில்லை. எங்கள் நாட்டு வெப்பத்தையும் மறத்தலாகாது. நாயின் உடல் எங்கள் உடல் போல வியர்த்துக் குளிர்வதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது வெப்பத்தைத் தணிக்கிறது. எனவே, காலையிலோ மாலையிலோ, நிழலில், அருகே நீர் வைத்து, ஐந்து நிமிடம் பழக்குங்கள். நாய் 'இன்னும் வேண்டும்' என்று நிற்கும்போதே விளையாட்டை முடித்துவிடுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லுதல் கடமையாகும். வீமனுக்காகச் சீமெந்துக் கற்களின்மேல் ஒரு பலகையை வைத்திருந்தேன். அது மகிழ்ச்சியோடு ஏறி இறங்கி வந்தது. ஒருநாள் மாலை உறவினர் சிலர் வந்திருந்தனர். அவர்களுக்குக் காட்டவேண்டுமென்ற ஆசை எனக்கு. வீமன் பாதி வழியிலே குதித்துவிட்டது. வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம், வெட்கம் கோபமாக மாறியது. உரத்த குரலில் ஏசி, அதைப் பிடித்திழுத்துப் பலகையின்மேல் ஏற்றினேன். பலகை ஆடியது. வீமன் உடல் நடுங்க இறங்கி, வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் பலகையை நோக்கி அழைத்தபோது அது புல்லை முகர்ந்தது, கொட்டாவி விட்டது, உதட்டை நக்கியபடி தலையை மறுபக்கம் திருப்பியது. 'சோம்பேறி, பிடிவாதக்காரன்' என்று நான் எண்ணினேன். உண்மை வேறு. முகர்தலும் கொட்டாவியும் உதடு நக்குதலும், காரணமின்றித் தோன்றும்போது, நாயின் மனக்கலக்கத்தைக் காட்டுவன. அது என்னை மறுக்கவில்லை; என்னைக் கண்டு அஞ்சியது. பலகையைக் கற்களிலிருந்து இறக்கி நிலத்திலே கிடத்தினேன். ஒரு பாதம் வைத்தாலும் பரிசு, வைக்காவிட்டாலும் ஏச்சில்லை. சாக்குத் துண்டுடன் பலகையைச் சுற்றி விளையாடினோம். வீமன் மீண்டும் வாலை ஆட்டிக்கொண்டு அந்தப் பலகையைக் கடக்க ஆறு வாரங்கள் சென்றன. ஒரு நிமிடக் கோபத்துக்கு நான் கொடுத்த விலை அது.

நாய் தவறு செய்யும்போது முதலில் எங்களையே ஆராயவேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். ஓடும் நாய் எமது சொல்லைவிட எமது உடலையே பெரிதும் கவனிக்கிறது. வாய் 'குழாய்' என்று சொல்ல, தோளும் பாதமும் சட்டத்தை நோக்கித் திரும்பியிருந்தால், நாய் சட்டத்தையே தாண்டும். அங்கே பிழைத்தது யார்? சில வேளைகளில் தடை அதற்கு மிக உயரமாயிருக்கலாம், பாதத்தில் முள் தைத்திருக்கலாம், மூட்டு நோகலாம். நன்றாகத் தாண்டிய நாய் திடீரென மறுத்தால், அதட்டுவதற்கு முன் விலங்கு வைத்தியரிடம் காட்டுங்கள்.

போட்டியும் பதக்கமும் மனிதருக்கு உரியவை. நாய்க்கு அவை தெரியா. தன்னுடன் ஓடும் மனிதரின் குரலில் மகிழ்ச்சி இருக்கிறதா, ஓட்டத்தின் முடிவில் தன் பந்தோ சாக்குத் துண்டோ காத்திருக்கிறதா என்பனவே அதற்குத் தெரியும். எங்கள் வீமன் எந்தப் போட்டிக்கும் சென்றதில்லை. இப்பொழுது அதற்கு முதுமை வந்துவிட்டது. சட்டத்தைத் தாண்டச் சொல்வதில்லை. ஆயினும், காலையிலே நான் முற்றத்துக்கு வரும்போது, நிலத்தில் கிடக்கும் அந்தப் பலகையின்மேல் தானாகவே நடந்து மறுமுனையில் வந்து நின்று, என் கையைப் பார்க்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருக்குமாயின், நாளைக் காலையில் ஒரு பலகையை நிலத்திலே கிடத்திப் பாருங்கள். அதைக் கடப்பதா, விடுவதா என்று நாயே தீர்மானிக்கட்டும். அது தன் விருப்பத்தோடு முதற் பாதத்தை எடுத்துவைக்கும் கணத்தைத் தவறவிடாதீர்கள். பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.