நாடா மாற்றும் பெட்டியும் ஒரு வரி நிரலும்



எங்கள் ரவுண்ட் ராக் நகரைத் தலைமையகமாகக் கொண்ட டெல் நிறுவனம் 2000களில் பவர்வோல்ட் 124டி என்ற பெட்டியை விற்றது. பழைய வீடியோ டெக் போலத் தட்டையானது. உள்ளே 16 காந்த நாடாக்கள்; ஒன்றை எடுத்து வாசிக்கும் கருவியில் மாட்டி, முடிந்ததும் கழற்றி, அடுத்ததைத் தானே மாட்டும். எல்.டி.ஓ. 3 வகை நாடா ஒன்று 400 ஜிகாபைட் கொள்ளும். இத்தகைய பெட்டியை ஓட்டோலோடர் என்பார்கள்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட இப்படியான பெட்டி சங்கத்துக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ வந்து சேர்வதுண்டு. ஊர்ப் பெரியவர்களின் பேச்சுகள், விழாப் பதிவுகள் அடங்கிய நாடாக்கள் அலுமாரியில் கிடக்கும். கணினியில் பொருத்தினால் வாசிக்கும் கருவி தெரிகிறது, நாடா மாற்றும் பகுதி தெரியவில்லை. "பழுதாய்ப் போச்சு" என்று எறிந்துவிடாதீர்கள்.

பல ஓட்டோலோடர்கள் கணினியின் கண்ணுக்கு ஒரு முகவரியில் உள்ள இரண்டு கதவுகள். 0 எண் கதவில் வாசிக்கும் கருவி, 1 எண் கதவில் நாடா மாற்றி. பழைய லினக்ஸ் இயங்குதளம் பெரும்பாலும் 0 கதவை மட்டும் தட்டிவிட்டுப் போய்விடும். மற்றக் கதவுகளையும் தட்டவேண்டிய கருவிகளுக்கென்று அதன் கருநிரலில் ஒரு பட்டியல் உண்டு. எச்.பி.யின் சி1557ஏ, சோனியின் டிஎஸ்எல் வரிசை எல்லாம் அதில் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், மாதிரிப் பெயர், ஒரு குறிப்பு: ஒரே ஒரு வரி. புது மாதிரிக்கு ஆதரவு சேர்ப்பது என்பது பல தடவை இவ்வளவுதான்.

கதவு திறந்தால் போதாது, கட்டளையும் இடவேண்டும். அதற்கு எம்டிஎக்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. முதலில் எழுதியவர் லெனர்ட் சுப்காவ். 2002இல் அலாஸ்காவில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்துபோனார்; வேலையை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். "3ஆம் தட்டில் உள்ளதை மாட்டு" என்ற அளவில்தான் அதன் மொழி.

இன்றைய லினக்ஸ் எல்லாக் கதவுகளையும் தானே தட்டும். ஆகவே இப்போது தடை வேறிடத்தில். பெட்டிக்கு ஏற்ற ஸ்கஸி அட்டை வேண்டும். எல்.டி.ஓ. 2 நாடாவை 2, 3, 4ஆம் தலைமுறைக் கருவிகள்தான் வாசிக்கும். கடையில் புதிதாக வாங்குவது உதவாது. எந்த மென்பொருள் எழுதியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டார் முறை என்றால் கவலையில்லை. நிறுவன மென்பொருள் என்றால் அதையே தேடவேண்டி வரலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. மறுபிரதியே இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எஞ்சியவற்றை மின்வடிவாக்கி வருகிறது. அலுமாரியில் இருக்கும் நாடாவும், வாசித்துப் பார்க்கும்வரை, மறுபிரதி என்ற கணக்கில் வராது.

முதலில் நாடாவின் ஓரத்திலுள்ள எழுதாத்தடைப் பொத்தானைத் தள்ளிப் பூட்டுங்கள். ஒரு நாடாவை மட்டும் மாட்டி, உள்ளதையெல்லாம் வன்தட்டுக்கு எடுங்கள். பிறகு ஒலிப்பதிவை முதலில் மட்டுமல்ல, நடுவிலும் கடைசியிலும் போட்டுக் கேளுங்கள்.